செருப்புக்கு மேலே

அந்த மெமோ வந்த நேரத்தில் அச்சக்காவின் இரண்டு கைகளும் முழங்கை வரை வெள்ளைச் சாந்தில் முழுகியிருந்தன. எதிரே நாற்காலியில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தன் வலது பாதத்தை அவளிடம் ஒப்படைத்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாந்து இறுகுகிற வரைக்கும் அவரும் அசையக் கூடாது, அவளும் அசையக் கூடாது. அந்த நேரம் பார்த்துத்தான் நிர்வாகப் பிரிவு கிளார்க் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு கவர். கையெழுத்துப் போடணும்."

"கையைப் பாரு. எதுல போடறது?"

"அப்ப இறுகற வரைக்கும் நிக்கறேன். கையெழுத்து வாங்காம வரக்கூடாதுன்னு உத்தரவு."

அவள் நின்ற தினுசே சரியில்லை. மற்ற நாளில் வந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நாலு பேர் கதையைப் பேசாமல் போகமாட்டாள். இன்றைக்கு உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அலமாரியில் வரிசையாக இருந்த பாத அச்சுகளை முதல் தடவை பார்ப்பவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவை அறைக்கும் உடைந்த கட்டில்கள் கிடக்கும் கிடங்குக்கும் நடுவில் இருந்தது அந்தக் கால் பட்டறை. சர்க்கரை நோயில் உணர்ச்சி போன பாதம், பிறவியிலேயே வளைந்த பாதம், விபத்தில் பாதி போன பாதம் என்று எதுவாக இருந்தாலும் மேலே டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கீழே அனுப்புவார். அவள் பாதத்தை அச்சு எடுத்து, அதற்குப் பொருந்தச் செருப்போ ஷூவோ செய்து கொடுப்பாள். பதினெட்டு வருடமாக இதுதான் வேலை. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. தலைமை மருத்துவர் முதல் லிஃப்ட் ஓட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் அச்சக்காதான்.

பட்டறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் கூரையை ஒட்டி. அந்தப் பக்கம் நடைபாதை. அதனால் அந்த ஜன்னலில் மனிதர்கள் முட்டிக்குக் கீழேதான் தெரிவார்கள். முகத்தைப் பார்த்து ஆளை எடை போடுகிறவர்கள் உண்டு. அச்சக்கா நடையைப் பார்த்தே போட்டுவிடுவாள். யாருக்கு இடுப்பு வலி, யார் புது ஷூ கடித்து நொண்டுகிறார், யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறார் என்று வேலையில் இருந்து நிமிராமலே சொல்வாள். பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதியை யாரும் போய்ச் சரிபார்த்ததில்லை.

சாந்து இறுகியது. கை கழுவிக் கையெழுத்துப் போட்டு உறையைப் பிரித்தாள். ஆங்கிலத்தில் ஏழே வரி. வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் அவளுக்கு வரும். இடது, வலது, குதிகால், உயரம், எலும்புகளின் பெயர்கள் எல்லாம் அத்துப்படி. ஆறு வரி புரிந்தது. எலும்பு டாக்டர் அவள் மேல் புகார் கொடுத்திருக்கிறார், ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், எட்டாம் நாள் விசாரணை. குற்றம் என்ன என்பது ஏழாவது வரியில் இருந்தது. 'இந்த ஊழியர் ஒரு' என்று தொடங்கி, கூட்ஸ் வண்டி மாதிரி நீளமான ஒரே வார்த்தையில் முடிந்தது அந்த வரி.

"என்னம்மா இது?"

கிளார்க் குனிந்து எழுத்துக் கூட்டினாள். "அல்ட்ரா... கிரெப்பி... டேரியன். எனக்கும் தெரியலக்கா. டாக்டர் கையால எழுதினதைப் பார்த்து எழுத்து எழுத்தா டைப் பண்ணினேன். அதிகாரிகிட்ட கேட்டேன். டாக்டரே எழுதியிருக்கார்னா பெரிய குற்றமாத்தான் இருக்கும்னார்."

கணக்கு வாத்தியார் அச்சிலிருந்து காலை உருவியபடியே, "கணக்குல அப்படி ஒண்ணு இல்ல," என்றார்.

எலும்பு டாக்டரை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அகராதி டாக்டர் என்பார்கள். மேசையில் கனமான ஆங்கில அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு நோயாளி போய் அடுத்தவர் உள்ளே வருவதற்குள் ஒரு பக்கம் புரட்டிவிடுவார். பெயருக்கு அது ஒரு காரணம். அகராதி பிடித்த மனிதர் என்பது இன்னொரு காரணம். ஆனால் தொழிலில் குறை சொல்ல முடியாது. அவர் சேர்த்து வைத்த எலும்பு கோணிப்போனதாக ஒரு பேச்சு வந்ததில்லை. ஒரு காலை வேளையில் நூற்றிருபது பேரைப் பார்ப்பார்.

வார்த்தைதான் தெரியவில்லையே தவிர, விஷயம் எதுவென்று அச்சக்காவுக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு டைல்ஸ்காரர் சீட்டோடு கீழே வந்தார். வீடுகளுக்குத் தரை ஓடு ஒட்டுகிறவர், நாற்பது வயது இருக்கும். 'வலது கால் குட்டை, வலது ஷூவுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் உயரம் வைக்கவும்' என்று சீட்டில் இருந்தது.

யார் வந்தாலும் அவள் முதலில் பழைய செருப்பை வாங்கிக் குப்புறப் போட்டுப் பார்ப்பாள். இவருடைய வலது ஷூ நன்றாக இருந்தது. இடது ஷூவில் நுனி மட்டும் தேய்ந்து, உள்ளேயிருந்த துணி எட்டிப் பார்த்தது. குட்டைக் கால்காரன் செருப்பு அப்படித் தேயாது. அவரைப் பலகையில் படுக்கவைத்து இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு காலையும் நாடா வைத்து அளந்தாள். நூலளவு வித்தியாசம் இல்லை.

"இடது கால் விரலை மேல தூக்குங்க."

அவர் முகம்தான் இறுகியது. விரல் அசையவில்லை.

"மேல்பாதம் மரத்த மாதிரி இருக்கா?"

"ஆமாங்க. எறும்பு ஊர்ற மாதிரி. டாக்டர் கேக்கல, நானும் சொல்லல."

அவளுக்கு விளங்கிவிட்டது. இடது பாதம் தொங்குகிறது. அது தரையில் தேயாமல் இருக்க மனிதர் இடது இடுப்பைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கிறார். அவசரத்தில் பார்க்கிற கண்ணுக்கு வலது கால் குட்டை போலத் தெரியும். வலது ஷூவை உயர்த்திக் கொடுத்தால் நடப்பதற்குக் கொஞ்சம் வசதியாகவும் இருக்கும். வசதியாக இருந்துவிட்டால் திரும்பி வரமாட்டார், உண்மையான கோளாறு உள்ளேயே வளரும்.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் நாலு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி பாதம் தொங்கிப்போய் வந்த ஒரு லாரி டிரைவர் அவள் ஞாபகத்துக்கு வந்துவிட்டார். அவருக்குக் கோளாறு முதுகுத்தண்டில் இருந்தது.

"இது கால் சமாச்சாரமே இல்லைங்க," என்றாள் அச்சக்கா. "முதுகுத்தண்டுல இருக்கு. மறுபடி மேல போய் முதுகைப் பார்க்கச் சொல்லுங்க. ஷூவை இங்கேயே விட்டுட்டுப் போங்க, நான் இப்ப உயரம் வைக்கப் போறதில்ல."

டைல்ஸ்காரர் மேலே போனபோது அகராதி டாக்டர் தொண்ணூற்றேழாவது நோயாளியில் இருந்தார். முதுகைப் பார்க்கச் சொன்னது யார் என்று கேட்டார். "கீழ செருப்புத் தைக்கிற அம்மா," என்றார் டைல்ஸ்காரர், ஒளிவு மறைவில்லாமல். டாக்டர் அவரை வெளியே அனுப்பிவிட்டு அன்று மாலையே பேனாவை எடுத்தார். புகார் மேசை மேசையாகத் தவழ்ந்து அச்சக்காவிடம் வந்து சேர மூன்று வாரம் பிடித்தது.

ஆனால் அந்த வார்த்தை ஆஸ்பத்திரிக்குள் பரவ ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது. கிளார்க் லிஃப்டில் சொல்ல, லிஃப்ட்காரர் வார்டில் சொல்ல, ஒரு நர்ஸ் அதை இரண்டாக உடைத்துப் பொருள் கண்டுபிடித்துவிட்டாள். அல்ட்ரா என்றால் அளவுக்கு மீறி. கிரெப்பி என்றால் வேறென்ன, கிரேப் பேண்டேஜ்தான். அளவுக்கு மீறி கிரேப் பேண்டேஜை அள்ளிக்கொண்டு போகிறவள். மூன்று மணிக்குள் அச்சக்கா கட்டுத்துணித் திருடியாகியிருந்தாள். நாலு மணிக்கு ஸ்டோர் கீப்பர் தடியான நோட்டோடு பட்டறைக்கு வந்தார். கண்ணைப் பார்க்காமல் அலமாரியைத் திறந்தார்.

"என்ன தேடறீங்க அண்ணே?"

"ஒண்ணுமில்லம்மா. வருஷாந்திரச் சோதனை."

"வருஷம் முடிய இன்னும் அஞ்சு மாசம் இருக்கே."

"இந்தத் தடவை கொஞ்சம் முந்திக்கிட்டோம்," என்று சொல்லிக்கொண்டே பேண்டேஜ் சுருள்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் போலவும் தெரிந்தது.

வீட்டில் அவள் கணவன் பஸ் டிரைவர். ஷிஃப்ட் முடிந்து வந்து, சட்டையைக் கழற்றாமலே மெமோவை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். கைபேசியில் அந்த வார்த்தையை அப்படியே அடித்தான். அப்படி எதுவும் இல்லை என்றது அது. வாயால் சொல்லிப் பார்த்தான். கிரிக்கெட் ஸ்கோர் வந்தது.

"வெஜிடேரியன்னா காய்கறி சாப்பிடறவன். அப்ப இது கிரெப்பி சாப்பிடற ஆள்."

"கிரெப்பின்னா என்ன?"

"சாப்பிட்ட உனக்கே தெரியலன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சிரிக்கவில்லை. பதினெட்டு வருடத்தில் ஒரு நூல்கண்டு வீட்டுக்கு எடுத்து வந்ததில்லை. இன்று மாலை வாசலில் காவலாளி அவள் பையைத் திறந்து பார்த்தார். அதைச் சொன்னபோது கணவனும் கேலியை நிறுத்தினான்.

"மன்னிப்பு எழுதிக் கொடுத்துடவா?" என்று கேட்டாள்.

"எதுக்குன்னு தெரியாம மன்னிப்புக் கேப்பியா? போர்டு பார்க்காம பஸ்ல ஏறுவியா? முதல்ல அது என்னன்னு தெரிஞ்சுக்க. பேண்டேஜ்தான்னா வக்கீலைப் பார்ப்போம். வேறன்னா அப்புறம் யோசிப்போம்."

மறுநாள் அவள் நேரே நிர்வாகப் பிரிவுக்குப் போய், டாக்டர் கையால் எழுதிய புகாரின் நகல் வேண்டும் என்றாள். கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தது, கிளார்க் கொடுத்தாள். முத்து முத்தான கையெழுத்து. டைப் அடித்ததோடு ஒப்பிட்டபோது நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது தெரிந்தது. கைபேசி கையை விரித்ததில் ஆச்சரியமில்லை.

கைபேசியில் திருத்தி அடித்திருக்கலாம். ஆனால் ஒரு தடவை கிரிக்கெட் ஸ்கோர் காட்டிய பொருளை நம்பி வேலையைப் பணயம் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அரை நாள் லீவு போட்டுப் பொது நூலகத்துக்குப் போனாள். அங்கே நூலகர் கடுமையான ஜலதோஷத்தில் இருந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகலை வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு ஜலதோஷம் பாதி குறைந்த மாதிரி இருந்தது. இப்படி ஒரு வேலையோடு யாரும் அவரிடம் வந்து வெகு நாளாகியிருக்க வேண்டும். அலமாரியிலிருந்து இரண்டு கையாலும் ஒரு பெரிய அகராதியைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். பூதக்கண்ணாடியை நகர்த்தினார்.

"இருக்கும்மா," என்றார்.

"திருட்டு இல்லையே?"

"திருட்டா? இல்லையே. தனக்குத் தெரியாத விஷயத்துல கருத்துச் சொல்றவங்கன்னு போட்டிருக்கு. தமிழ்ல சொன்னா..." மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தார். "அதிகப்பிரசங்கி."

அச்சக்காவுக்கு இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "இவ்வளவுதானா? எங்கம்மா என்னை ஒரு நாளைக்கு நாலு தடவை அப்படித்தானே கூப்பிடுவாங்க! இதுக்குப் போயா இவ்வளவு நீளம்?"

"நீளத்துக்குக் காரணம் இருக்கும்மா. வெறும் அதிகப்பிரசங்கி இல்ல. இதுக்குள்ள ஒரு செருப்பு இருக்கு."

சிரிப்பு நின்றது. "என்ன செருப்பு?"

நூலகர் எழுந்து போய் இன்னும் இரண்டு புத்தகங்களை எடுத்து வந்தார். நிதானமாகப் படித்துச் சொன்னார். அல்ட்ரா என்பது லத்தீன், அப்பால் என்று அர்த்தம். கிரெப்பிடா என்பது கிரேக்கர்கள் போட்ட ஒரு வகைச் செருப்பு. இரண்டும் சேர்ந்தால் செருப்பைத் தாண்டியவர். அதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருந்தது. கிரேக்க நாட்டில் பேர்போன ஓர் ஓவியர், படம் வரைந்து முடித்ததும் போகிற வருகிறவர்கள் பார்க்கிற மாதிரி வெளியே வைப்பார். படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுப்பார். ஒருநாள் செருப்புத் தைக்கிற ஒருவர் வந்து பார்த்துவிட்டு, படத்திலிருக்கிற செருப்பில் ஒரு வார் குறைகிறது என்றார்.

"ஓவியருக்குக் கோபம் வந்துச்சா?" என்று கேட்டாள் அச்சக்கா.

"இல்லம்மா. ராத்திரியோட ராத்திரியா அதைத் திருத்திட்டார். மறுநாள் அந்தச் செருப்புக்காரர் வந்து பார்த்தார். தன் பேச்சைக் கேட்டுப் படமே மாறியிருக்கு. அவருக்குத் தலைகால் புரியல. அடுத்ததா காலைக் காட்டி, இதுவும் சரியில்லன்னார். ஓவியர் வெளிய வந்து, செருப்போட நிறுத்திக்கோ, அதுக்கு மேல போகாதேன்னுட்டார்."

"கால் நிஜமாவே சரியில்லாம இருந்துச்சா?"

நூலகர் புத்தகத்தை இன்னொரு முறை பார்த்தார். "அது போடலம்மா."

மீதியையும் சொன்னார். ஆங்கிலத்தில் இந்த வார்த்தை புழக்கத்துக்கு வந்து இருநூறு வருடம்தான் ஆகிறது. ஓர் எழுத்தாளர் தன்னைத் தாக்கி எழுதிய விமர்சகர் ஒருவரைத் திட்டுவதற்குப் பயன்படுத்தினாராம். அந்த விமர்சகர் சின்ன வயதில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் வேலை பழகியவராம். கேட்டுக்கொண்டே இருந்த அச்சக்கா, "அப்ப டாக்டர் தேடித்தான் எடுத்திருக்கார்," என்றாள்.

"உலகத்துல திட்டறதுக்கு ஆயிரம் வார்த்தை இருக்கு. ஆனா செருப்புச் செய்யறவங்களைத் திட்ட இதைவிட அளவெடுத்துத் தைச்ச வார்த்தை கிடையாதும்மா," என்றார் நூலகர் உற்சாகமாக. சொன்ன பிறகுதான், எதிரே இருப்பவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்கவில்லையே என்று அவருக்கு உறைத்தது. கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

செருப்புச் செய்கிறவள் என்பதில் அச்சக்காவுக்கு எந்த வெட்கமும் இல்லை. தைத்தது வேறு. பதினெட்டு வருடத்தில் அந்த மனிதர் ஒரு தடவை கூடப் பட்டறைப் படியில் இறங்கியதில்லை. அவள் செய்கிற வேலையைப் பற்றி இத்தனை நேரம் அவர் யோசித்திருப்பது, அவளைத் திட்டுவதற்கு ஒரு வார்த்தை தேடியபோதுதான். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தக் கதையை மனத்துக்குள் இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் முதல் நாளிலேயே வந்து நின்றாள்.

ஐந்தாம் நாள் காலை ஒரு பெண் பட்டறை வாசலில் வந்து நின்று, "இங்க அச்சக்காங்கிறது நீங்கதானே?" என்றாள். டைல்ஸ்காரரின் மனைவி.

"முதுகெலும்புல கோளாறுன்னு நீங்கதானே சொன்னீங்க? எட்டு நாள். முழுசா எட்டு நாள் அந்த மனுஷன் படுக்கையை விட்டு எழுந்திருக்கல. அசைஞ்சா முதுகு உடைஞ்சிடும்னு பயம். தண்ணிகூட படுத்துக்கிட்டே குடிச்சார். அப்பா செத்துடுவாரான்னு பிள்ளைங்க என்னைக் கேக்குதுங்க. ஒத்துக்கிட்ட வேலை வேற ஆளுக்குப் போயிடுச்சு."

அச்சக்கா எழுந்து நின்றாள். "இப்ப எப்படி இருக்காங்க?"

"நான்தான் ஒன்பதாம் நாள் இழுத்துக்கிட்டு நாலாவது மாடிக்கு நரம்பு டாக்டரம்மாகிட்ட போனேன். முதுகுல ஒண்ணுமே இல்லையாம். முட்டிக்குக் கீழ வெளிப்பக்கம் ஒரு விரலால தட்டினாங்க. ஷாக் அடிச்ச மாதிரி கத்தினார். நாள் பூரா காலை மடக்கிக் குந்தி உட்கார்ந்து டைல்ஸ் ஒட்டறதுல அங்க போற நரம்பு நசுங்கியிருக்காம்."

"முதுகுல எதுவும் இல்லையா?"

"எதுவும் இல்லைங்கறேன்!"

எட்டு நாள் ஒரு மனிதனை அவள் ஒரு வாக்கியத்தால் கட்டிப் போட்டிருக்கிறாள். அச்சக்கா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"இருங்க, நான் இன்னும் முடிக்கல," என்றாள் அந்தப் பெண். "ஷூவை உயரமாக்கிப் போட்டுக்கிட்டு அப்படியே வேலைக்குப் போயிருந்தா கொஞ்ச நாள்ல பாதம் மொத்தமா போயிருக்கும்னும் அந்த டாக்டரம்மா சொன்னாங்க. உங்களைத் திட்டறதா கும்பிடறதான்னு எனக்குத் தெரியல. அதான் முதல்ல திட்டிட்டேன்."

ஏழாம் நாள் அச்சக்கா தமிழில் ஒரு பக்கம் பதில் எழுதிக் கொடுத்தாள். மறுநாள் இரண்டாவது மாடியில் விசாரணை. கண்ணாடி பதித்த நீள மேசை. நடுவில் நிர்வாக அதிகாரி, வலப்பக்கம் அகராதி டாக்டர், ஓரத்தில் குறிப்பெடுக்கக் கிளார்க். அதிகாரி தொண்டையைக் கனைத்தார்.

"பேண்டேஜ் இருப்பைச் சோதிச்சதுல குறை எதுவும் இல்லைன்னு ஸ்டோர் கீப்பர் எழுதிக் கொடுத்திருக்கார்," என்று தொடங்கினார்.

டாக்டர் நிமிர்ந்தார். "எந்த பேண்டேஜ்?"

அதிகாரி கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் நோட்டைப் பார்த்தாள். தான் எழுதிய வார்த்தைக்கு இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் பொருள் தெரியவில்லை என்பது அப்போதுதான் டாக்டருக்குப் புரிந்தது. விளக்கம் சொல்ல ஆசையோடு வாயைத் திறந்தார்.

"நான் சொல்லட்டுங்களா சார்?" என்றாள் அச்சக்கா.

சொன்னாள். லத்தீன், கிரேக்கச் செருப்பு, ஒளிந்து கேட்ட ஓவியர், குறைந்த வார், மறுநாள் காட்டிய கால் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டர் இடையில் ஒரு தடவை தலையாட்டியது அவருக்கே தெரியாது.

"ஆக, எனக்கு இந்த வார்த்தை பொருந்துமான்னு கேட்டா, பாதி பொருந்தும் சார். முதுகுத்தண்டுன்னு நான் சொன்னது தப்பு. அது முட்டிக்குப் பக்கத்துல இருந்த கோளாறு. ஒரு மனுஷன் என்னால எட்டு நாள் பயந்து படுத்துக் கிடந்தார். அது செருப்புக்கு மேல போன பேச்சு. அதுக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கறேன்."

"மீதிப் பாதி?" என்றார் அதிகாரி.

அச்சக்கா பையிலிருந்து அந்த இடது ஷூவை எடுத்து மேசைக் கண்ணாடி மேல் குப்புற வைத்தாள். அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"அந்த ஓவியர் முதல் நாள் செருப்பைத் திருத்தினார் சார். செருப்புக்காரன் சொன்னதைக் கேட்டுத் திருத்தினார். இரண்டாம் நாள்தான் கோபப்பட்டார். நம்ம டாக்டர் முதல் நாளையே விட்டுட்டு நேரா இரண்டாம் நாளுக்குப் போயிட்டார்."

டாக்டர் ஷூவைக் கையில் எடுத்தார். தேய்ந்த நுனியைக் கட்டைவிரலால் தடவினார். பக்கவாட்டில் திருப்பினார், மறுபடி குப்புறப் பிடித்தார். அவர் எதையும் இவ்வளவு நேரம் பார்த்து அச்சக்கா கண்டதில்லை.

"இதை ஏன் எனக்கு அனுப்பல?"

"சீட்டு மேலேயிருந்து கீழ வர்றதுக்குத்தான் வழி இருக்கு சார். கீழேயிருந்து மேல அனுப்ப வழி கிடையாது. அதான் நோயாளி வாய்ல சொல்லி அனுப்பினேன்."

"ஒருத்தருக்கு எனக்குக் கிடைக்கறது ரெண்டு நிமிஷம்," என்றார் டாக்டர். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு அதிகாரியைப் பார்த்து, "நான் எழுதின வார்த்தை சரியான வார்த்தைதான். புகாரை வாபஸ் வாங்கமாட்டேன். ஆனா இந்த ஷூவையும் ஃபைல்ல சேர்த்துக்கங்க," என்றார்.

ஷூவை எப்படி ஃபைலில் சேர்ப்பது என்று அதிகாரி குழம்பினார். கிளார்க்குக்கு வேறு கவலை. தமிழ்ப் பதிவில் அந்த இடத்தில் என்ன எழுதுவது? டாக்டர், துறை தாண்டிக் கருத்துரைப்பவர் என்று போடச் சொன்னார். அதிகாரி, முந்திரிக்கொட்டை என்றால் எல்லோருக்கும் புரியும் என்றார்.

"அதிகப்பிரசங்கின்னே போடும்மா," என்றாள் அச்சக்கா. "எனக்குப் பழக்கமான பேரு."

தீர்ப்பு ஒரு வாரத்தில் வந்தது. நோயாளிகளிடம் நோயைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது என்று அச்சக்காவுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. டாக்டருக்கு எதுவும் இல்லை. பட்டறைக்கு வரும் சீட்டின் அடியில் நாலு வரி இடம் விட்டு, 'பட்டறைக் குறிப்பு' என்று அச்சடிக்க உத்தரவு. காலணியில் கண்டதை அவள் அதில் எழுதி நேரே டாக்டருக்கு அனுப்ப வேண்டும். காவலாளி அவள் பையைத் திறப்பதை நிறுத்திவிட்டார். ஸ்டோர் கீப்பர் மட்டும் ஒரு மாதம் வரை அவளைக் கண்டால் வேறு படியில் இறங்கினார்.

டைல்ஸ்காரருக்கு நரம்பு டாக்டரம்மா எழுதிய சீட்டின்படி, பாதத்தைத் தாங்கிப் பிடிக்கிற ஒரு பிளாஸ்டிக் பட்டையை அச்சக்காவே செய்து கொடுத்தாள். வேலையில் குந்தி உட்காராமல் ஒரு தாழ்ந்த பலகையில் உட்காரப் பழகிக்கொண்டார் அவர். முதலில் சக ஆட்கள் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்று கேலி பண்ணினார்களாம். ஐந்தாவது மாதம் மனைவியோடு வந்து பட்டறைப் பலகையில் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது கால் கட்டைவிரலை ஓர் அங்குலம் தூக்கிக் காட்டினார். மனைவி பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்," என்றாள். அன்று அவள் திட்டவும் இல்லை, கும்பிடவும் இல்லை. அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு உதவி செய்தாள்.

அந்த வருடம் முடிவதற்குள் அச்சக்கா பதினொரு குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருந்தாள். ஒவ்வொன்றும் அந்த முத்துக் கையெழுத்தில் பதிலோடு திரும்பி வந்தது. ஏழில் 'சரி' என்று இருந்தது. நாலில் 'இல்லை' என்று இருந்தது, காரணத்தோடு. அந்த நாலில் மூன்று உண்மையாகவே அவள் பிழைதான் என்று பின்னால் தெரிந்தது. மீதி ஒன்றில் யார் சொன்னது சரி என்று தெரியவில்லை. அந்த நோயாளி ஷூவை வாங்கிக்கொண்டு போனவர், அதன் பிறகு வரவில்லை.